தாய்மாமன் மடி

அண்ணே, கொஞ்சம் கையை எடுத்துக்கங்க. இந்தச் சன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுதுல்ல, இடுக்குல இந்த ஜவுளிக்கடை நோட்டீஸை மடிச்சுச் சொருகிட்டா நின்னுரும். ம், பாருங்க, நின்னுருச்சு. உங்களுக்கு அது கேக்கவே இல்லையா? கொடுத்து வச்ச ஆளுண்ணே நீங்க. எனக்கு ஆரப்பாளையத்துல ஏறுனதுலேருந்து அந்தச் சத்தம் பல்லுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

நமக்கு ஆண்டிபட்டிண்ணே. பேரு காசிமாயன். முருங்கைக்காய் கமிஷன் கடை வச்சிருக்கேன். மதுரையில அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். போயிட்டு வர்றேன்னு வாய் பழக்கத்துல சொல்றேன். இனிமே அந்தப் படி மிதிக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டு வர்றேன்.

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. அக்கா மகனுக்குக் காது குத்தணும்னா எவன் மடியில உக்கார வைக்கணும்? பச்சப்புள்ளையக் கேட்டாலும் சொல்லும், தாய்மாமன் மடியிலன்னு. பெத்த அப்பனே ஆனாலும் அன்னைக்கு ஓரமா நின்னு பாக்க வேண்டியதுதான். அப்படி இருக்க, எங்கக்கா என்ன செஞ்சா தெரியுமா? எவளோ ஒரு டீச்சர் மடியில உக்கார வச்சுக் குத்திட்டாண்ணே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம. அந்தக் கம்மலை இன்னைக்கு நான் என் கண்ணால பாத்துட்டு வர்றேன். அடிச்சிருந்தாகூட வலி ரெண்டு நாள்ல போயிரும். இது எங்க போகும்?

எங்கக்கா பேரு ஜெயக்கொடி. எனக்கு மூணு வயசு மூப்பு. கல்யாணமாகி ரொம்ப வருசம் அவளுக்குப் பிள்ளை இல்ல. நம்ம பக்கம் தெரியுமே, வாயால ஒண்ணும் சொல்லமாட்டாய்ங்க, நிக்க வைக்கிற எடத்துல காட்டிருவாய்ங்க. ஒரு வளைகாப்பு வீட்டுல வளையல் தட்டை எடுக்கப் போன எங்கக்கா கையை ஒருத்தி மெதுவா நகத்திவிட்டா. நான் பாத்துட்டேன். அக்கா நான் பாத்ததைப் பாத்துட்டா. அன்னைக்கே கோயில்ல போய் நின்னு வேண்டிக்கிட்டேன், இவளுக்கு ஒண்ணு பொறக்கட்டும், காதுகுத்துக்கு நான் கொண்டு வர்ற மேளத்துல ஊரே காதைப் பொத்தணும்னு. அப்படி வேண்டுனவன்ணே நான்.

பொறந்தான். இனியன்னு பேரு வச்சாக. நல்ல லட்சணமான பய. ஆனா வளர வளர ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுச்சு. குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போயிருவான். மிக்சி போட்டா வீறிட்டு அழுகை. வெறுங்காலோட மணல்ல எறக்கிவிட்டா நெருப்புல விட்ட மாதிரி துள்ளுவான். சோத்துல குழம்பை ஊத்திப் பிசைஞ்சா தொடமாட்டான், சோறு தனியா இருக்கணும், அப்பளம் தனியா இருக்கணும். முடிவெட்ட ரெண்டு பேரு பிடிக்கணும். நீலக்கலர் பனியன் ஒண்ணு, சாயம் போயி நூலு நூலா இருக்கு, அதைத் தவிர வேற போட்டா கழட்டி வீசிருவான். சொந்தக்காரக எல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னாக, செல்லம், தவமிருந்து பெத்த பிள்ளைல்ல, தலைக்கு மேல ஏறிக்கிட்டான்னு. நானும் அதைத்தான் சொன்னேன். இல்லாததையா சொன்னேன்?

ஆனா ஒண்ணுண்ணே, எங்கிட்ட வருவான். அதைச் சொல்லியாகணும். வேற யாரு தூக்குனாலும் நெளிவான். நான் போய்ச் சுவர்ல சாஞ்சு உக்காந்தா, தானா வந்து மடியில ஏறி, "மாமா, அமுக்கு"ம்பான். ரெண்டு கையாலயும் சேத்து நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கணும். அப்படியே அடங்கிருவான். என் துண்டு ஒண்ணு இருந்துச்சு, துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆனது, அதைக் கன்னத்துல வச்சுக்குவான். எங்கக்கா அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. ஒருநாள் சொன்னா, "உன் மடியில மட்டுந்தான்டா அவன் இப்படி இருக்கான்"ன்னு. எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்துபோச்சு. தாய்மாமன் ரத்தம்ல, பேசாம இருக்குமா?

அப்பறந்தான் அந்த டீச்சர் வந்து சேந்தா. டாக்டர் எழுதிக் குடுத்து, புதூர்ப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்க போயிட்டு வந்து எங்கக்கா பேச்சே மாறிப்போச்சு. பிள்ளைக்குப் பிடிவாதம் இல்லையாம். நமக்கு மிக்சி ஓடுனா அடுப்படியில ஓடுது, அவனுக்குத் தலைக்குள்ள ஓடுதாம். லேசாத் தொட்டா அவன் தோலுக்கு எரிச்சல், அழுத்திப் பிடிச்சா நிம்மதி, அதான் உன் மடியில அடங்குறான்னா. என்ன நடக்கப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்லணுமாம், சொன்னதை மாத்தக்கூடாதாம். சத்தம் கேக்காம இருக்க, காதுல மாட்டிக்க ஒரு பெரிய மிசின் வாங்கிக் குடுத்தாக, ஹெலிகாப்டர் ஓட்டுறவன் மாதிரி மாட்டிக்கிட்டுத் திரியுறான் பய. நான் பாத்துச் சிரிச்சேன். அவ சிரிக்கல.

நான் கேக்குறேன், நம்ம காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? நாம வளரலையா? நான் சின்னப் பிள்ளையில தீபாவளிச் சட்டை போட்டா அழுவேன். கழுத்துப் பின்னாடி லேபிள் இருக்குல்ல, அது தேள் கொட்டுற மாதிரி இருக்கும் எனக்கு. கஞ்சி போட்ட துணியும் ஆகாது. எங்கய்யா, நல்ல நாளுமா அழுகுறியான்னு முதுகுலயே வைப்பாரு. எங்கக்கா என்ன செய்வா தெரியுமா, முதல் நாளே அந்தச் சட்டையை எடுத்து, பிளேடு வச்சு லேபிளை நூல் நூலாப் பிரிச்சு எடுத்துருவா. வெட்டுனா மிச்சம் இருக்கிறது குத்தும்ல, அதான் நூலைப் பிரிக்கிறது. பெறகு ரெண்டு மூணு தண்ணியில அலசிக் காயப் போட்டுருவா. புதுத்துணியை யாராவது துவைப்பாகளான்னு எங்கம்மா ஏசும், அவ வாயே தெறக்கமாட்டா. வெண்டைக்காய் வழவழன்னு தொண்டையில எறங்காது எனக்கு. எங்கய்யா தட்டைக் காலி பண்ணாம எந்திரிக்க விடமாட்டாரு. அவரு அங்கிட்டுத் திரும்புனதும் என் தட்டுலேருந்து எடுத்து அவ வாயில போட்டுக்குவா. அப்படி ஒரு பாசம்ணே அப்ப. அதை நினைச்சாத்தான் இன்னும் ஆத்தாமையா வருது.

அப்படித்தான் நான் வளந்தேன். கெட்டா போயிட்டேன்? எனக்கு எந்த டீச்சர் வந்து சொல்லிக் குடுத்தா?

சரி, கதைக்கு வர்றேன். போன வைகாசியில காதுகுத்துன்னு நாள் குறிச்சாக. எங்கக்கா போன்ல சொன்னா, "காசி, வீட்டோட வைக்கிறோம். மேளம் வேணாம், வெடி வேணாம், மைக் வேணாம். நீ வந்து மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சுக்க. உன்னை நம்பித்தான்டா நாளே குறிச்சேன்"னா. சரிக்கான்னேன். அவ ஒரு மாசமா ஒத்திகை பாத்திருக்காண்ணே. தலகாணியை மடியில வச்சு, அதுக்கு மாமான்னு பேரு வச்சு, அதுமேல பயலை உக்கார வச்சு, காது மடல்ல ஐஸ் கட்டியை வச்சு வச்சு எடுத்துப் பழக்கியிருக்கா. தலகாணிக்கு என் பேரு. எங்க போய்ச் சொல்றது இதை.

ஆனா நீங்க யோசிங்க. இத்தனை வருசம் பிள்ளை இல்லாம இருந்தவளுக்குப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் ஒத்தைத் தட்டைத் தூக்கிக்கிட்டு, கொலைகாரன் மாதிரி சந்து வழியா வந்து போறதா? அந்த வளையல் தட்டைத் தடுத்தவளும் வர்றாண்ணே அன்னைக்கு. அவ கண்ணு முன்னாடி எங்கக்கா தெருவை நான் அதிர வைக்க வேணாமா? எங்கக்கா எந்த மேளத்தை வேணாங்கிறா? தாரை தப்பட்டை வேணாங்கிறா. சரி, நான் தாரை தப்பட்டை கொண்டு போகல. கேரளாச் செண்டை மேளம் பிடிச்சேன். அது மரியாதையான மேளம், கோயில்ல அடிக்கிறது. வெடியும் தெருமுனையோட நிப்பாட்டிட்டேன். வீட்டு வாசல்ல ஒரு வெடி வெடிச்சேனா? கேட்டுப் பாக்கட்டும். சீர்த்தட்டு அணிவகுத்து வருது, மாலை போட்ட கெடா முன்னாடி வருது, தெருவுல ஒரு மாடி பாக்கியில்லாம ஆளு நின்னு பாத்துச்சு. அந்தப் பொம்பளையும் பாத்தா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

நானா? நான் மேளத்துக்கு ரொம்ப முன்னாடி நடந்து வந்தேன். பக்கத்துல நின்னா எனக்கு நெஞ்சு படபடன்னு வரும். கடையில ஏலம் கூவுற நேரத்துலகூட நான் எதுத்தாப்புல டீக்கடையில போய் நின்னுக்குவேன், கூட்டாளிதான் பாத்துக்குவாரு. அது வேற.

உள்ள போனா பயலைக் காணோம். குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு இருக்கான், மிசினை மாட்டிக்கிட்டு. எங்கக்கா கதவுல சாஞ்சு நின்னு என்னைப் பாக்குறா. நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு, ஆசாரி உக்காந்திருக்காரு, கூட்டம் பாக்குது. நான் கதவு வழியா, "இனியா, மாமா வந்திருக்கேன்டா, மாமா அமுக்கிப் பிடிச்சுக்கிறேன் வாடா"ன்னேன். என் குரலைக் கேட்டுக் கதவைத் தெறந்தான்ணே. எனக்குத்தான் தெறந்தான். வாரித் தூக்கிக் கொண்டு போய் மனையில உக்காந்தேன். மாமன் உக்காந்துட்டான்னு தெரிஞ்சா மேளக்காரன் சும்மா இருப்பானா, வாசல்ல நின்னு வெளுத்து வாங்குனாய்ங்க. பய மடியில வில்லாட்டம் வளைஞ்சான். நான் விடல. காது குத்துறப்ப எந்தப் பிள்ளைதான் அழாது? ஆசாரி கம்பியை எடுத்தாரு, இவன் என் கையைக் கடிச்சான் பாருங்க, இந்தா, இன்னும் தழும்பு தெரியுது. கையை ஒதறுன நேரத்துல எங்கக்கா பிள்ளையைப் பறிச்சுக்கிட்டுப் போயி, அறைக்கதவைத் தாப்பாப் போட்டுட்டா. காது குத்தல. கெடாவுக்குப் போட்ட மாலை வாடி, இலை போட்டு, எல்லாரும் சாப்பிட்டுப் போயிட்டாக.

கடைசியில எங்கக்கா வெளிய வந்தா. திட்டுவான்னு பாத்தேன். மெதுவாத்தான் சொன்னா.

"மேளம் வந்தது போகட்டும்டா. மாமாகிட்டப் போனா பயமே இல்லன்னு ஒரு மாசமா அவன்கிட்டச் சொல்லிச் சொல்லி வச்சேன். என்னைப் பொய்க்காரியாக்கிட்ட. அவன் கதவைத் தெறந்தது உன்னை நம்பி."

கேட்டீங்களா? சீர் கொண்டு போனவன் கேக்க வேண்டிய வார்த்தையா இது? தேங்கா பழம் தூக்கிட்டுப் போனவனுக்குக் கிடைச்ச பிரசாதம். துண்டைக்கூட எடுக்காம எறங்கி வந்துட்டேன். அப்பறம் போக்குவரத்து இல்ல. மச்சான் ஒருதடவை போன் பண்ணாரு, நான் எடுக்கல.

இந்தக் கண்டக்டர் விசிலை நம்ம காதுக்குள்ள வச்சே ஊதுறான்ணே. செக்கானூரணியா இது? இன்னும் இருக்கு.

நானாத்தான் எறங்கிப் போனேன், இன்னைக்கு. என்னதான் இருந்தாலும் அக்கா. தாய்மாமன் போடவேண்டிய கம்மல் என் வீட்டுப் பீரோவுலயே கிடந்துச்சு. எடுத்துப் பையில வச்சுக்கிட்டு, புதுச்சட்டை ஒண்ணு எடுத்து மாட்டிக்கிட்டு, இந்தா இந்தச் சட்டைதான், ஆளை அறுக்குது, கிளம்பிட்டேன். மேளமா கொண்டு போனேன்? ஒத்தை ஆளாப் போனேன். அக்கா கேட்ட மாதிரியே, மேளம் இல்லாம, வெடி இல்லாம. அதை யாரு கண்டுக்கிட்டா?

கதவைத் தெறந்தது பயதான். என்னைப் பாத்தான். பாத்ததும் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டான்.

நான் வாயே தெறக்கலண்ணே. சத்தியமா. தெருவுல ஒரு ஆட்டோகூட இல்ல. அவ்வளவு அமைதி. என்னைப் பாத்துக்கிட்டே, பொத்துன கையை எடுக்காம, பின்னாடியே நடந்து அம்மா சேலைக்குப் பின்னால போயிட்டான். எனக்கு அப்ப வெளங்கல. சாப்பிட உக்காந்தப்ப கையை எடுத்தான், அப்பத்தான் வெளங்குச்சு. காதுல பொட்டு மாதிரி கம்மல் மின்னுது. அதை எங்கிட்ட மறைக்கத்தான் பொத்தியிருக்கான். அஞ்சு வயசுப் பயலை அப்படித் தயார் பண்ணி வச்சிருக்கா பாருங்க. வேற எதுக்குப் பொத்துறான், நீங்களே சொல்லுங்க.

என்னண்ணே? இல்ல, சொல்லுங்க. சரி, ஒண்ணும் இல்லன்னா விடுங்க.

எப்ப நடந்துச்சு இதுன்னேன். எங்கக்கா மறைக்கல. அந்தப் பயிற்சி நிலையத்துல ஒரு பொம்பளப்பிள்ளை கம்மலைப் பாத்துட்டு, இவனே எனக்கும் வேணும்னு கேட்டானாம். டீச்சர் அவன்கிட்டயே கேட்டாளாம், வலிக்கும், கொஞ்ச நேரத்துல போயிரும், சரியான்னு. சரின்னானாம். இப்பல்லாம் துப்பாக்கி மாதிரி ஒண்ணு வச்சுக் குத்துறாகளே, அது டப்புன்னு சத்தம் போடும்னு, பழைய ஆசாரியையே வீட்டுக்குக் கூப்பிட்டாகளாம், அந்த டீச்சரும் வந்திருந்தாளாம். யாரு மடியிலடான்னு எங்கக்கா கேட்டிருக்கா. இவன் உள்ள போயி என் துண்டை எடுத்துட்டு வந்து, டீச்சர் மடியில விரிச்சு, அதுமேல உக்காந்தானாம். அன்னைக்கு நான் விட்டுட்டு வந்த துண்டு. அதை வச்சுக்கிட்டுத்தான் தூங்குறானாம்.

"ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருக்கமாட்டேனா"ன்னு கேட்டேன். என் குரல் லேசா ஏறிப்போச்சு, பய தட்டை விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். எங்கக்கா அவன் போனதையே பாத்துக்கிட்டு இருந்தா.

"கேட்டேன்டா காசி. மாமாவைக் கூப்பிடவான்னு கேட்டேன். மாமா வேணாம், மாமா துண்டு போதும்னுட்டான்."

துண்டுக்கு இருக்குற மரியாதை எனக்கு இல்ல. ஒரு சின்னப்பயலுக்கு மாமன் வேணாம்னு சொல்லத் தெரியுமாண்ணே? சொல்லிக் குடுத்தது. அந்த டீச்சரோ, இவளோ. நான் எவ்வளவு ஆசையா இருந்தவன். அவன் பொறந்தன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல உக்காந்து அழுதவன் நான். நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டாண்ணே எங்கக்கா. கம்மல் டப்பாவை அவ கையில குடுக்கவும் மனசு வரல, திருப்பிக் கொண்டு வரவும் மனசு வரல. சாமி மாடத்துல வச்சுட்டு எறங்கிட்டேன்.

எறங்குறேன், வாசல் வரைக்கும் வந்து ஒரு பையை நீட்டுறா. மாமனுக்கு எடுத்து வச்ச சட்டையாம். காது குத்துன அன்னைக்கே எடுத்து வச்சதாம், நீ எப்ப வந்தாலும் குடுக்கணும்னு. மனசு கேக்காம வாங்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுல வந்து பிரிச்சுப் பாக்குறேன், இருங்க காட்டுறேன், இந்தா. பாருங்க இதை. டப்பா உண்டா? அட்டை உண்டா, குண்டூசி உண்டா? துவைச்ச துணிண்ணே இது. தொட்டுப் பாருங்க, ஒரு முறைக்கு நாலு முறை துவைச்சு மெத்துன்னு கிடக்குது. யாரோ போட்டுக் கழட்டுன சட்டை. தாய்மாமனுக்குப் பழைய சட்டை. ஊர்ல பிச்சைக்காரனுக்குக்கூட விசேஷ நாள்ல புதுசா எடுத்துக் குடுப்பாக. காலரைப் பாருங்க, கம்பெனி பேருகூட இல்ல. லேபிள் இருந்த எடம் தெரியுது பாருங்க, சின்னச் சின்ன ஓட்டையா. வெட்டலண்ணே, நூல் நூலாப் பிரிச்சு எடுத்திருக்கு.

என்னண்ணே கேட்டீங்க?

யாரு பிரிச்சிருப்பான்னா?

எவன் பிரிச்சானோ. கடைக்காரன் பழைய சரக்குன்னு தெரியக்கூடாதுன்னு பிரிச்சிருப்பான்.

அதெல்லாம் சின்ன வயசுண்ணே. அப்ப அவளுக்கு வேற வேலை இல்ல, பிளேடு வச்சு உக்காந்துக்கிட்டிருந்தா. இப்ப அவளுக்கு அந்தப் பயலைப் பாக்கவே நேரம் பத்தல. எனக்கு உக்காந்து பிரிச்சுக்கிட்டிருப்பாளா? நீங்க ஒண்ணு.

உசிலம்பட்டி தாண்டிட்டமா? கவனிக்கவே இல்ல.

அண்ணே, தப்பா நினைக்கலன்னா இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. பஸ்ல வச்சுச் சட்டை மாத்துறது மரியாதை இல்லதான். ஆனா இந்தக் கழுத்துப்பட்டி காலையிலேருந்து அறுக்குது, இனி ஒரு நிமிசம் தாங்காது. ம், ஆச்சு. எவனோ போட்டுக் கழட்டுன சட்டை எனக்கு அளவா இருக்கு, பாத்தீங்களா. தோள்பட்டை, கை, எல்லாம். உறுத்தலண்ணே. ஒரு எடத்துலயும் உறுத்தல.

நான் கொஞ்சம் கண்ணசர்றேன். ஆண்டிபட்டி வந்ததும் எழுப்பிவிடுங்க. கூப்பிட்டு எழுப்பாதீங்க, எனக்குத் தூக்கிவாரிப் போடும். தொட்டு எழுப்புங்க. லேசாத் தொட்டுராதீங்க, அது எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாது. தோளைப் பிடிச்சு நல்லா ஒரு அமுக்கு அமுக்குங்க, எந்திரிச்சுக்குவேன்.